வற்றிய கடல்

கருவாடு பொரியும் மணம் எழும்போதெல்லாம் நான் செய்த ஒரு பாவம் நினைவுக்கு வரும்: கொட்டாஞ்சேனையில், பத்து வயதில், உண்மை சொன்ன மனிதர் ஒருவரை நான் பொய்யராக்கினேன்.

அவர் என் நண்பன் அன்ரனின் அப்பா; இரண்டாம் உலக யுத்தகாலத்தில் ஆஸ்பத்திரிக் கப்பலொன்றின் ‘குசினி’யில் சமையல் வேலை பார்த்தவர். ஞாயிறுகளில் கருவாடு பொரித்தபடியே எங்களுக்குக் கதை சொல்வார். தூரத்துத் தீவொன்றைப் பிடிக்கப் போன படகுகள், கடல் வற்றிக் கிடந்ததால் பவளப்பாறையில் சிக்கினவாம். துவக்கைத் தலைக்குமேல் பிடித்துத் தண்ணீருக்குள் நடந்த இளம் சிப்பாய்களில் பலர் சூடுபட்டுக் கரை சேரவில்லையாம். தப்பிவந்து, அவர் காய்ச்சிய கஞ்சியைக் குடித்தவர்கள் சொன்ன கதை அது.

எங்கள் கொழும்புக் கடலோ காலையும் மாலையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்பது. வேறு கடல் நாங்கள் கண்டதில்லை. எங்கள் சின்னத் தெருவான ஒழுங்கையின் பொதுப் பைப்பில்தான் தண்ணீர் அடிக்கடி நின்றுபோகும். ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டேன்: “கடல் என்ன அங்கிள், றோட்டுப் பைப்பா, தண்ணி நிண்டுபோக?”

அடுத்த வாரம் ஒழுங்கையே கேட்டது: “அங்கிள், இண்டைக்குக் கடல்ல தண்ணி வருதா?” ‘வத்தின கடல்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. “என்னைப் பாத்துச் சிரிங்க, செத்ததுகளைப் பாத்துச் சிரிக்காதீங்க” என்றவர், பிறகு கதை சொல்வதையே விட்டுவிட்டார்.

போன மாதம் வெள்ளவத்தை வீட்டில், தொலைக்காட்சியில் தீவுச் சண்டையொன்றைப் பற்றிய ஆவணப்படம் ஓடியது. கடல் வற்றி நீர் இறங்கியதால் பாறையில் சிக்கிய படகுகள், துவக்கைத் தூக்கியபடி நெஞ்சளவு தண்ணீரில் நடந்தவர்கள், பிறகு மிதந்தவர்கள். என் தேநீர் ஆறிப்போனது.

மகள் அந்தப் படத்தை என் போனில் ஏற்றித் தந்தாள். மறுநாளே கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். அங்கிள் இறந்து வெகுகாலம். அன்ரன் கதவைச் சாத்தினாலும் சாத்தட்டும் என்றுதான் போனேன். “பட்டம் வந்தது என்னாலதான். மன்னிச்சுக்கொள்ளடா” என்று சொல்லிப் போனை நீட்டினேன். அவன் முழுவதும் பார்த்தான்.

“நீ ஒருநாள்தான் கேட்டனி,” என்றான். “ஏனப்பா பொய் சொல்லி மானத்தை வாங்குறீங்க எண்டு வீட்டுக்குள்ள கத்தினவன் நான். சாகும்வரைக்கும் அவரை நான் நம்பேல்லையடா.”

பிறகு சட்டென்று மனைவி நின்ற குசினிப் பக்கம் திரும்பினான். “ரீட்டா, இஞ்ச ஓடி வா! அப்பா சொன்ன கடல் வத்தினதுதானாம்!” கண்ணீரோடு சிரித்தான், எனக்கும் மூச்சு இலேசானது.

அந்த ஒழுங்கைப் பைப் இன்று இல்லை. சிரித்தவர்களில் பலர் நாட்டிலேயே இல்லை. ஞாயிறுகளில் அன்ரன் போன் எடுக்கிறான்: “டேய், கடல்ல தண்ணி வருதா?”

வெள்ளவத்தை வீட்டு ஜன்னலால் கடலை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: “ஓம், வருது.”