யார் மேல் புகார்

அறுபதுகளில், மெட்ராஸிலிருந்து கப்பலேறிப் போகும் தீவில், ஜங்லிகாட் என்ற பகுதியில் சட்டி, அரிக்கேன் விளக்கு, கயிறு விற்ற அப்துல் கனி கலகலப்பான ஆள். ஊர்க்கதை பேசாமல் ஒரு முழம் கயிறுகூட அறுத்துத் தரமாட்டார். அப்படிப்பட்டவருக்கு ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை, காரணமே இல்லாமல், மனசு இருண்டுவிடும். கடையைச் சாத்திவிட்டு உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். சோறு இறங்காது, பேச்சு வராது. யார் செத்துவிட்டார்கள் என்று இப்படிக் கிடக்கிறோம் என நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்னும். இரண்டு மூன்று நாளில் தானாக விலகும். மறுபடி பழைய கனிதான்.

கேட்பவர்களிடம் மனைவி லத்தீபா, "அவுகளுக்குப் புகார்" என்பாள். வங்காளியும் தெலுங்கரும் சேர்ந்து பேசும் தீவு இந்தியில் அது காய்ச்சல். ஒருமுறை மெட்ராஸ் கப்பலில் புதிதாக வந்திறங்கிய ஒருவர், "யார் மேலம்மா புகார்?" என்று கேட்டுவிட்டார். உள்ளே கிடந்த கனிக்கு, என் மேல்தான் என்று சொல்லத் தோன்றியது.

அந்தப் பொய்யே வினையாயிற்று. காய்ச்சல் என்று காதில் விழுந்தால் வீடு வீடாக ரத்தம் சோதிக்கும் மலேரியாக்காரர் சிவஞானம் விடுவாரா? வந்து விரலைக் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்துப் போவார். மலேரியா இருந்ததே இல்லை. என்றைக்காவது குட்டு உடைந்துவிடும் என்று கனி நடுங்குவார். பைத்தியம் என்று பெயர் விழுந்தால் ஜங்லிகாட்டில் எந்த முகத்தோடு கடை திறப்பது?

ஒரு நாள் வந்த சிவஞானம் ஊசியை எடுக்கவில்லை. நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"பாய், இது காய்ச்சலே இல்லயே."

கனி எழுந்து உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். "மனசுதான் தம்பி. திடீர்னு விழுந்துருது. வெளிய சொல்லிராதீங்க."

"இந்தத் தெருவுலயே இப்படி எத்தன பேருன்னு நெனக்கிறீங்க? ரெண்டு நாள் சுருண்டு படுப்பாங்க, அப்புறம் வேலைக்குப் போயிருவாங்க. ரத்தத்துல ஒண்ணும் இருக்காது. எனக்கும் வருது பாய். மலேரியாவா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டு என் விரலையே குத்திப் பாத்திருக்கேன்."

கனிக்கு மூச்சு லேசானது. "நான் ஒருத்தன்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்," என்றார்.

டீ கொண்டுவந்த லத்தீபா அப்படியே நின்றாள். "எனக்கும் வருதுங்க," என்றாள். "கல்யாணமான வருசத்துலருந்தே. நீங்க கடையச் சாத்திட்டுப் படுத்துக்கிறீங்க. நான் எதச் சாத்திட்டுப் படுக்க?"

ஒரு நாளாவது அவளை என்னவென்று கேட்டோமா என்று கனி யோசித்தார். ஞாபகம் வரவில்லை. கையில் வாங்கிய டீயை அவளிடமே நீட்டினார். அவள் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.