இடது ஓரத்து ஆட்டக்காரன்

ஒஸ்லோவில் நான் பேசிய முதல் தமிழ்ச் சொல் "உடுப்பு."

வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. எங்கள் அரங்கில் உடுப்புக் காயவைக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டதால், வியர்வையில் ஊறிய கவசங்கள், கையுறைகள், காலுறைகள் எல்லாவற்றையும் ஒரு பெரிய பையில் அடைத்துக்கொண்டு பேருந்தில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஐஸ் ஹொக்கி விளையாடுகிறவனுடைய பையின் மணத்தைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. எதிர் இருக்கையில் ஒரு தம்பதி. அந்த அம்மா கணவர் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்த வேண்டிய அவசியமே இல்லை என்ற நம்பிக்கையோடு சொன்னார்:

"இஞ்சேருங்கோ, இந்தப் பெடியன்ரை பையைப் பாத்தீங்களே? சவத்தைக் காவிக்கொண்டு போறான் போலை. மணம் தாங்கேலாமல் கிடக்கு."

"உடுப்பு, அன்ரி," என்றேன். "என்ரை விளையாட்டு உடுப்பு. வீட்டை கொண்டுபோய்க் காயவிடவேணும்."

அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கணவர் சிரித்த சிரிப்பில், யாரும் யாரையும் பார்க்காத அந்தப் பேருந்தில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

"எந்த ஊர் தம்பி?"

"அப்பா அம்மா யாழ்ப்பாணம். நான் பிறந்தது கனடாவிலை, ஸ்காபரோ."

"இஞ்சை என்ன வேலை?"

"ஐஸ் ஹொக்கி விளையாடுறன், அங்கிள்."

"அது சரி. வேலை என்னவெண்டு கேட்டனான்."

"அதுதான் வேலை."

அவர் என் பையை இன்னொரு தரம் பார்த்தார். அவர்கள் இருக்கும் பியோர்ண்டால் வந்ததும் இறங்க எழுந்தவர், தன் கைபேசியில் என் இலக்கத்தைப் பதிந்துகொண்டு சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாரும். சாப்பிடலாம். பையைக் கொண்டு வராதையும்."

இப்படித்தான் எனக்கு ஒஸ்லோவில் ஒரு வீடு கிடைத்தது.

நான் இடது விங்கில் விளையாடுகிறவன். ஆடுகளத்தின் இடது ஓரமாக ஏறி இறங்குவது என் வேலை. பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை மூலையிலிருந்து மீட்டு நடுவில் நிற்பவனுக்குக் கொடுக்க வேண்டும், அல்லது நானே கோலடிக்க வேண்டும். கனடாவில் சிறு வயதில் நான் கெட்டிக்காரன். இருபதைத் தாண்டியபோது, அங்கே என்னைப் போன்ற கெட்டிக்காரர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள் என்பது விளங்கிவிட்டது. சின்னச் சின்ன நகரங்களின் குழுக்களில், நாள் முழுக்கப் பேருந்தில் பயணம் செய்து சில வருடங்கள் விளையாடினேன். பெரிய குழு எதுவும் கூப்பிடவில்லை. நோர்வேயிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். நோர்வே எங்கே இருக்கிறது என்பது தெரியும். அங்கே தமிழர்கள் இருக்கிறார்கள் என்பதை அம்மா சொல்லித்தான் தெரியும்.

தமிழ் எழுத எனக்குப் பழக்கியதும் அம்மாதான். ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினால் பதில் போடமாட்டார். அதனால் வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும் பேருந்தில், பக்கத்து இருக்கைக்காரன் சீட்டு விளையாடிக்கொண்டிருக்க, நான் கைபேசியில் ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று தடுமாறிக்கொண்டிருப்பேன். எழுத்துப் பிழைகளைத் திருத்திய பிறகே அம்மா செய்திக்குப் பதில் சொல்வார்.

எங்கள் குழுவில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை "இம்போர்ட்" என்பார்கள். இறக்குமதி. சரக்கைச் சொல்வதுபோல இருந்தாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது. உள்ளூர்ப் பையன் கோலடிக்காவிட்டால் அவனுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்பார்கள். இறக்குமதி செய்தவன் கோலடிக்காவிட்டால், ஏன் இறக்கினோம் என்பார்கள். என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்ட பின்லாந்துக் கோல் காப்பாளன் அதிகம் பேசாதவன். முதல் நாளே ஒரு விஷயம் சொன்னான்: "ஒக்டோபருக்குள் நாலு கோல் அடித்துவிடு. பிறகு தூக்கம் வரும்."

ஒக்டோபர் போய்விட்டது. ஒரு கோல்கூட அடிக்கவில்லை. பக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது, எதிராளியின் காலில் பட்டது, ஒரு தடவை எங்கள் ஆளின் முதுகிலேயே பட்டது. அரங்கின் உணவுச்சாலையில் கிழவர் ஒருவர் என்னைக் காணும்போதெல்லாம் தோளில் தட்டுவார். ஆரம்பத்தில் அது உற்சாகமாக இருந்தது. நவம்பரில் அனுதாபமாகிவிட்டது.

அந்த நாட்களில்தான் பியோர்ண்டால் அங்கிளும் அன்ரியும் முதன்முதலாக ஆட்டம் பார்க்க வந்தார்கள். அங்கிள் முப்பது வருடமாக நோர்வேயில் இருக்கிறார்; பேருந்து ஓட்டுகிறார். அன்ரி முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறார். பனியில் சறுக்குக் கட்டைகளில் போகப் பழகியிருந்தார்கள், உதைபந்தாட்டத்தில் எல்லாக் குழுவையும் தெரியும், ஆனால் ஐஸ் ஹொக்கி அரங்குக்குள் கால் வைத்ததில்லை. அன்ரி போர்வை, தேநீர்ப் போத்தல், ஒரு டப்பா நிறையப் பொரித்த ரோல்ஸ் எல்லாம் கொண்டுவந்திருந்தார். ஒரு தடியன் என்னை ஓரப் பலகையோடு சேர்த்து மோதியபோது, அரங்கு முழுவதும் கேட்கும்படி அன்ரியின் குரல் எழுந்தது:

"டேய்! எருமை! கண் தெரியேல்லையே உனக்கு?"

எழுந்து நிற்கும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னை மோதியவன் ஏன் சிரிக்கிறேன் என்று குழம்பிப்போனான்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது அங்கிளின் முகம் கவலையாக இருந்தது.

"தம்பி, கேக்கிறன் எண்டு குறை நினையாதையும். ஏன் உம்மை ஒவ்வொரு நிமிசமும் வெளியாலை எடுக்கினம்? பிழையா விளையாடுறீரோ?"

ஐஸ் ஹொக்கியில் எல்லோரும் ஒரு நிமிடத்துக்குள் வெளியே வந்துவிடுவார்கள், அதற்கு மேல் அந்த வேகத்தில் ஓட முடியாது, மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் இறங்குவோம் என்று விளக்கினேன். அவர் அன்ரியைப் பார்த்து, "பாத்தீரே, நான் சொன்னனான்," என்றார். அவர் அப்படிச் சொல்லியிருக்கவில்லை என்பது அன்ரியின் பார்வையில் தெரிந்தது.

டிசம்பரில், நத்தாருக்கு முன், பயிற்சியாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பெட்டியைக் கட்டச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கதிரையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, "உனக்குக் கோலடிக்க வராது," என்றார். நோர்வேக்காரர்கள் கெட்ட செய்தியைச் சுற்றி வளைப்பதில்லை. "ஆனால் நீ பக்குக்குக் குறுக்கே விழப் பயப்படுவதில்லை. அதைச் செய்."

அன்று முதல் என் வேலை மாறியது. எங்கள் ஆள் ஒருவன் தண்டனை பெற்று வெளியே உட்கார்ந்திருக்கும் நேரங்களில், ஆள் குறைவாக நின்று கோலைக் காப்பாற்றும் நால்வரில் ஒருவன் ஆனேன். எதிராளி மட்டையை ஓங்கும்போது முன்னால் விழுந்து உடம்பால் தடுப்பேன். கணுக்கால், விலா, முன்கை என்று எங்காவது ஓர் இடம் எப்போதும் நீலமாக இருக்கும். பத்திரிகையில் என் பெயர் வரவில்லை. ஆனால் ஒரு பக்கைத் தடுத்துவிட்டு நொண்டிக்கொண்டு பெஞ்சுக்கு வரும்போது, வரிசையாக இருப்பவர்கள் எல்லோரும் மட்டையால் ஓரப் பலகையைத் தட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்காக நான் வருடக்கணக்கில் விழுந்தேன். ஒரு பருவத்துக்கென்று வந்தவன் தங்கிவிட்டேன். நோர்வே மொழி வந்தது. சனிக்கிழமை அரங்கின் வாசலில் சுடும் வாஃபிள் அப்பத்தின் மணமும், மேளம் அடிக்கும் ரசிகர்களும், வெளியே பனி கொட்டும்போது உள்ளே இன்னும் குளிராக இருப்பதும் எல்லாம் என்னுடையவையாகின.

அப்பா வந்தது நாலாவது குளிர்காலத்தில். அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருந்ததால் அம்மா வரவில்லை. அப்பா தனியாக, ஒஸ்லோவில் எல்லாக் கடையிலும் கிடைக்கும் மிளகாய்த்தூளை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து இறங்கினார்.

அப்பா ஸ்காபரோவில் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். இரவு வேலை முடிந்ததும் நித்திரைக்குப் போகாமல், விடியற்காலைப் பயிற்சிக்கு என்னை ஏற்றிக்கொண்டு போவார். மற்றத் தகப்பன்மார் இருக்கைகளில் கூட்டமாக உட்கார்ந்து கத்துவார்கள். அப்பா மட்டும் மூலையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், தொப்பியை இழுத்துவிட்டுத் தனியாக நிற்பார். திரும்பும் வழியில் காரில் ஒரே வசனம்தான்: "நல்லா விளையாடினனீ." ஐந்து கோல் வித்தியாசத்தில் தோற்றாலும் அதேதான். அவருக்கு ஆட்டம் விளங்குவதில்லை என்று பிள்ளைப் பருவம் முழுவதும் நம்பியிருந்தேன்.

அப்பா பார்க்க வந்த முதல் ஆட்டத்தன்று, காலைப் பயிற்சி முடிந்ததும் பயிற்சியாளர் பட்டியலைச் சொன்னார். என் பெயர் இல்லை. அன்றைக்கு ஒரு புதுப் பையனை இறக்கிப் பார்க்க வேண்டுமாம். அப்பா வந்திருக்கிறார் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. தொழில்முறை ஆட்டத்தில் அது ஒரு காரணமில்லை.

மாலையில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு அப்பாவின் இருக்கையைத் தேடிப் போனேன். அங்கிளும் அன்ரியும் அவரை ஏற்கனவே கூட்டிவந்து நடுவில் உட்காரவைத்திருந்தார்கள்.

"என்ன தம்பி, உடுப்பு மாத்தேல்லையோ?"

"நான் இண்டைக்கு விளையாடேல்லை அப்பா."

"ஏன், எங்கையும் நோவோ?"

"இல்லை. இண்டைக்கு வேறை ஆளைப் போட்டிருக்கினம்."

அப்பா பக்கத்து இருக்கையில் இருந்த தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப இரு. சேந்து பாப்பம்."

கடல் கடந்து வந்த மனிதனுக்கு என்னைக் காட்ட முடியவில்லையே என்று முதல் பகுதி முழுவதும் எனக்குள் எரிந்துகொண்டிருந்தது. அதனால் அப்பாவைக் கவனிக்கச் சற்று நேரமாயிற்று. அவர் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டிருந்தார். எங்கள் ஆள் ஒருவன் இரண்டு பேரை ஏமாற்றிக்கொண்டு போனபோது, "விடாதை, விடாதை, குடு இடப்பக்கம்!" என்று கத்தினார். கோல் விழுந்தபோது எழுந்து, முன்னால் இருந்த முன்பின் தெரியாத நோர்வேக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினார். என் தகப்பனை நான் அப்படிக் கண்டதே இல்லை.

"அப்பா, நீங்கள் இப்பிடிக் கத்துவீங்கள் எண்டு எனக்குத் தெரியாது."

"நல்ல விளையாட்டடா இது," என்றார், கண்ணை எடுக்காமல். "நான் இப்பத்தான் ஒரு மாட்ச் முழுசாப் பாக்கிறன்."

"என்ன கதை இது? ஒரு மாட்ச் விடாமல் வந்தனீங்களெல்லோ?"

"வந்தனான். பாத்தனான் எண்டு ஆர் சொன்னது?" இப்போது என் பக்கம் திரும்பினார். "நீ ஐஸிலை இறங்கினா நான் கீழை குனிஞ்சிடுவன். டமார் எண்டு சத்தம் கேட்டா மட்டும் நிமிந்து பாப்பன், நீ எழும்பிட்டியோ எண்டு. எழும்பினாச் சரி. திரும்பக் குனிஞ்சிடுவன்."

"பிறகேன் என்னைக் கூட்டிக்கொண்டு போனனீங்கள்?"

"உனக்கு விருப்பமெல்லோ," என்றார், இது என்ன கேள்வி என்பதுபோல. அதற்குள் எங்கள் ஆள் ஒருவன் தனியாகக் கோலை நோக்கி ஓட, அவர் மறுபடியும் எழுந்துவிட்டார்.

அன்ரி எனக்கு ஒரு ரோல்ஸை நீட்டினார். வாங்கிக் கையில் வைத்திருந்தேன். அன்று நாங்கள் வென்றோம். புதுப் பையன் நன்றாக விளையாடினான். அப்பா பேருந்தில் வீடு வரும்வரை ஒவ்வொரு கோலையும் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார், எனக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது என்பதுபோல. அந்த ஆட்டத்தில் இறங்காததற்காக நான் அதற்குப் பிறகு ஒருநாளும் வருந்தியதில்லை.

அடுத்த ஆட்டத்தில் ஒருவனுக்குக் காயம், என்னை இறக்கினார்கள். மூன்றாம் பகுதியில், நான் தடுத்த பக் என் காலில் பட்டு முன்னால் ஓடியது. துரத்திக்கொண்டு போனேன். அடித்தேன். உள்ளே போனது. அந்த வருடத்தில் நான் அடித்த ஒரே கோல் அதுதான். குழு முழுவதும் என்மேல் வந்து விழுந்தது. எழுந்து இருக்கைகளைப் பார்த்தேன். அங்கிளும் அன்ரியும் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நடு இருக்கை வெறுமையாக இருந்தது.

பிறகு அங்கிள்தான் சொன்னார். "கொப்பர், நீர் ஐஸிலை இறங்க இறங்கக் கோப்பி வாங்கப் போறார், தம்பி. நான் குடிச்சுக் குடிச்சுக் களைச்சுப்போனன்."

கோல் விழுந்த நேரம் அப்பா வாஃபிள் வரிசையில் நின்றிருக்கிறார். சத்தம் கேட்டுக் கலங்கிப்போயிருக்கிறார். அவர் என் தகப்பன் என்று தெரிந்திருந்த வாஃபிள் சுடும் பெண் ஒலிபெருக்கியைச் சுட்டிக்காட்டி, என் சட்டை இலக்கத்தை ஆங்கிலத்தில் சொல்லி, அவர் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது அப்பா கையில் ஆறிப்போன வாஃபிளோடு நின்றார். "நல்லா விளையாடினனீ," என்றார்.

அதன்பின் இன்னும் இரண்டு பருவங்கள் விளையாடினேன். கடைசிப் பருவத்தில் தலையில் வாங்கிய அடிகள் சேர்ந்துவிட்டன. வெளிச்சம் கூசியது, படித்தால் வரிகள் ஆடின. கோடையில் மருத்துவர் போதும் என்றார், நானும் வாதாடவில்லை. ஒஸ்லோவை விட்டுப் போக மனம் வரவில்லை. படித்து, இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பியோர்ண்டாலுக்குப் போகிறேன். அப்பா ஸ்காபரோவில் பேத்தியைப் பாலே வகுப்புக்குக் கொண்டுபோய் விடுகிறார்.

விளையாட்டை விட்டவர்களிடம் எல்லோரும் கடைசி ஆட்டத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்னுடையது மார்ச் மாதத்தில், வெளியூரில், பாதி நிரம்பிய அரங்கில் நடந்தது. தோற்றுக்கொண்டிருந்தோம். கடைசி என்று எனக்குத் தெரியாது. இடது ஓரமாக ஏறினேன், பக்கை எதிராளியின் மூலைக்குத் தள்ளினேன், எனக்குப் பதிலாக இறங்குகிறவனுக்குக் கையைக் காட்டிவிட்டுப் பெஞ்சுக்கு வந்தேன். பக்கத்தில் இருந்தவன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். நகர்ந்து எனக்கு இடம் விட்டான்.