வெட்டாமல் கிடந்த பதிவு

மாங்கேணியில் வைத்த நிலநடுக்கக் கருவி காலையில் பிடித்த நடுக்கத்தைக் கண்டதும் சுலோஜனாவுக்குச் சிரிப்பு வந்தது.

"இது நிலநடுக்கம் இல்ல மிஸ். ஆரோ மாட்டைக் கொண்டுபோய்க் கருவிக்குப் பக்கத்தில கட்டியிருக்காங்க."

வந்தாறுமூலை ஆய்வுக்கூடத்தில் நிலநடுக்கப் பதிவுகளுக்கு ஒரு தரவுத்தளம் உருவாகிறது. மாடு, லொறி, கடலிரைச்சல் எல்லாவற்றையும் கழித்து, நிலம் ஆடியதை மட்டும் வைப்பது அவள் வேலை. ஆட்டம் அடங்கிய பிறகும் கருவி வரைந்துகொண்டே போகும் கோட்டை அங்கே வால் என்பார்கள். வாலை வெட்டினால்தான் பதிவு உள்ளே போகும். எத்தனையோ வாலை ஈவிரக்கமில்லாமல் வெட்டியவள், ஒன்றை மட்டும் மாதக்கணக்காகத் தொடவில்லை.

அது சுனாமி நாளின் பதிவு. மலைநாட்டுக் கருவி ஒன்று பிடித்தது. சுமாத்திராவில் நிலம் பிளந்த கொஞ்ச நேரத்தில் கோடு பேயாட்டம் ஆடுகிறது. பிறகு மெல்ல அடங்கி நெடுநேரம் சும்மா கிடக்கிறது. அதற்கும் பிறகுதான் கடல் அவள் ஊரான வாகரைக்குள் வந்தது.

அந்தச் சும்மா கிடக்கும் கோட்டில் தங்கை தனுஷியா உயிரோடு இருந்தாள். தலை இழுத்துப் பின்னினாள். பாணும் சம்பலும் தின்றாள். ஒற்றைச் செருப்பைக் காணாமல் வாசலெல்லாம் தேடினாள். கிடைத்ததும் கடற்கரைக்கு ஓடினாள். அந்தச் செருப்பு கிடைக்காமல் போயிருக்கக் கூடாதா என்று சுலோஜனா இன்றுவரை ஏங்குகிறாள். கடல் கொண்டுபோனவளின் உடல்கூடக் கிடைக்கவில்லை. இதையும் வெட்டினால் தங்கைக்கென்று எதுவும் மிஞ்சாதே என்று பயந்தாள். வீட்டில் சோறு போடும்போதும் அந்தக் கோடு கண்ணுக்குள் ஓடியது.

"நாளைக்கு ஒப்படைக்கணும் சுலோ," என்றார் திட்டப் பொறுப்பாளர் நஸீபா மிஸ், ஏறாவூர்க்காரி. "அந்த ஒண்டுதான் கிடக்கு. நான் வெட்டட்டா?"

"வேணாம் மிஸ். நானே வெட்டுறன்."

தொடக்கத்திலிருந்து ஓடவிட்டாள், வேகம் கூட்டாமல். ஆட்டம் வந்தது, அடங்கியது. தேத்தண்ணி ஆறிப்போனது. இப்போது தங்கை தலை பின்னுகிறாள். இப்போது சாப்பிடுகிறாள். இப்போது செருப்பைத் தேடுகிறாள்.

"போகாத தங்கச்சி," என்றாள் வாய்விட்டே. "கொஞ்சம் இரு."

நஸீபா மிஸ் திரும்பிப் பார்த்தார். கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தார். கடல் வந்த நேரமும் வந்தது. கோட்டுக்கு அது தெரியவே இல்லை, தன்பாட்டில் ஓடியது.

சுலோஜனா வெட்டினாள். பதிவு உள்ளே போனது.

அன்று வீட்டில் சோறு போடும்போது கண்ணுக்குள் கோடு ஓடவில்லை. வாசலில் யாரோ செருப்புத் தேடும் சத்தம்தான் கேட்டது.