மணிலாக்காரர்களின் 'போ'

செங்கல்பட்டுப் பக்கம் மணிலா என்றால் வேர்க்கடலை. "நாளைக்கு ஆபீசுக்கு மணிலாக்காரங்க வராங்க" என்று வீட்டில் சொன்னதும் அம்மா கேட்டது: "எத்தினி மூட்டை?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாவலூர் கம்பெனியில் அப்போது நான் பெஞ்சில் இருந்தேன். அதாவது புராஜெக்ட் இல்லாமல், ஏசியில் குளிர்ந்தபடி, வீட்டுக்கு அனுப்பப்படக் காத்திருந்தேன். மணிலா புராஜெக்ட்டில் இடம் கிடைத்தால் பிழைத்தேன். என்னைவிட இளையவரான மேனேஜர் ஒரு வழி சொன்னார். "வரவங்க முன்னாடி நம்ம டீமுக்கு பிலிப்பைன்ஸ் பத்தி ஒரு அறிமுகம் குடுங்க சார். அவங்களுக்குப் பிடிச்சா நீங்க உள்ள."

பிலிப்பைன்ஸை நான் எங்கே கண்டேன்? மாமல்லபுரம் கடலிலேயே கணுக்காலுக்கு மேல் இறங்கியதில்லை. பிரவுசிங் சென்டரில் படித்ததையெல்லாம் மறுநாள் கூட்டத்தில் ஸ்லைடு போட்டுக் கொட்டினேன். ஏழாயிரத்துச் சொச்சம் தீவுகள். மூன்று வேளையும் சோறு. கறியை வினிகர் ஊற்றி வேகவைக்கிறார்கள். பெரியவர்களின் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் வைத்து ஆசி வாங்குகிறார்கள். அக்காவை 'ஆத்தே' என்கிறார்கள்; நாம் பயத்தில் கத்துவதை அவர்கள் பாசத்தில் சொல்கிறார்கள்.

முன்வரிசையில் இருந்த மணிலாக் குழுவின் தலைவி புன்னகையோடு தலையாட்டினார். "யெஸ், போ."

போ?

அடுத்த ஸ்லைடு. "தேங்க் யூ, போ."

எனக்காக ஸ்லைடு தள்ளிக்கொண்டிருந்த சக ஊழியன் காதுக்குப் பக்கத்தில் வந்தான். "அண்ணாத்த, அந்தம்மா மரியாதையா வெளிய போ சொல்லுது. நீ இன்னாத்துக்கு இன்னும் நின்னுகினு கீற?"

வேகத்தைக் கூட்டினேன். ஸ்பானியரின் முந்நூறு வருஷ ஆட்சியை ஒரே மூச்சில் முடித்து, அமெரிக்கரையும் ஜப்பானியரையும் ஸ்லைடோடு தாண்டி, அந்த நாட்டுக்கு அவசர அவசரமாக விடுதலை கொடுத்தேன். அப்போது அவர் என்னைப் பார்த்து, உதட்டைக் குவித்துக் கதவுப் பக்கம் நீட்டினார். "சார், போ!"

போய்விட்டேன்.

லிஃப்ட் பட்டனைக் குத்திக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் பின்னாலேயே ஓடிவந்தார். டீ வந்திருப்பதைத்தான் காட்டினாராம். கைகாட்டாமல் உதட்டால் காட்டுவது அவர்கள் ஊர் வழக்கமாம். அப்படியானால் அந்த 'போ'? பெரியவர்களிடம் பேசும்போது வாக்கியத்தின் வாலில் ஒட்டவைக்கிற மரியாதையாம், நம்முடைய 'ங்க' மாதிரி. தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு, லிஃப்ட் வந்து திரும்பிப் போகும்வரை சிரித்தார்.

பிறகு மேனேஜரிடம் போய், "நாங்கள் பேசியதை ஒரு எழுத்து விடாமல் கவனித்தவர் இந்த ஆபீசில் இவர் ஒருவர்தான். எங்களோடு இவரே பேசட்டும்" என்று சொல்லிவிட்டார். என் பீதிக்கு அன்றுவரை யாரும் இவ்வளவு நல்ல பெயர் வைத்ததில்லை.

சக ஊழியனுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. "ஓடுனவனுக்கு புராஜெக்டா? மின்னாடியே தெரிஞ்சிருந்தா நானு கேளம்பாக்கம் வரைக்கும் ஓடியிருப்பேனே, அண்ணாத்த!"