உத்தியோகத்தர் பார்க்க வந்த மாப்பிள்ளை

எங்கள் மன்னார்ப் பக்கத்தில் வீட்டுக்கு ஆள் வந்தால் குறையைக் காட்டுவதில்லை. கூரை ஒழுகினால் ஒழுகாத மூலையில் கதிரையைப் போட்டு இருத்துவோம். இந்த நல்ல பழக்கத்தால்தான் எனக்கு வரவேண்டிய உதவிப்பணம் முதல் தடவை வராமல் போனது.

பரம்பரையாகக் கடலுக்குப் போன குடும்பத்தில் பிறந்தும் நான் கடலில் விழுந்தவனல்ல. தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த காலத்தில் பெயின்ற் அடிக்கப் போய், யாரோ ஒருவருடைய மாடியிலிருந்து விழுந்தவன். முதுகெலும்பு பழுதானது. காலையில் ஆள் பிடித்தால் நாலு எட்டு நடப்பேன். வெயில் ஏறிய பிறகு கால்கள் என்னைக் கேட்காமல் ஆடத் தொடங்கிவிடும். பாதத்துக்குச் சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது. சண்டை முடிந்து சொந்த ஊரான வங்காலைக்குத் திரும்பியபோது, லொறியிலிருந்து பானை சட்டிகளை இறக்கியவர்கள் கடைசியாக என்னையும் இறக்கினார்கள்.

தகரக் கொட்டிலில் குடியேறினோம். மனைவி கருவாடு காயப்போடும் வேலைக்குப் போவாள். நடுவில் ஓடிவந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி ஓடுவாள். அந்தச் சம்பளம் போதவில்லை. குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்துபோனார். அவளும் பாஸ்போட்டை அவரிடம் கொடுத்துவிட்டாள். அவள் போனால் என்னைப் பார்க்கப் பாப்பாமோட்டையிலிருந்து என் அக்கா வந்து நிற்பதாக ஏற்பாடு. ஊனமுற்றோருக்கான அரசாங்க உதவிப்பணம் கிடைத்தால் பயணம் இல்லை, கிடைக்காவிட்டால் பயணம் என்று அவள் முடிவெடுத்திருந்தாள். வீணாய்ப்போன முதுகு என்று நான் நினைத்திருந்தது திடீரென்று முக்கியமான முதுகாகிவிட்டது.

விண்ணப்பம் போட்டோம். சமூக சேவை உத்தியோகத்தர் வீடு பார்க்க வருவார் என்று சொல்லி அனுப்பினார்கள். மனைவி முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்தாள். கோயிலிலிருந்து நல்ல கதிரைகள் வந்தன. என்னைக் குளிப்பாட்டி, முகம் வழித்து, பெருநாளுக்குப் போடும் வெள்ளைச் சேட்டு மாட்டி, அவர் வருவதற்கு வெகு நேரத்துக்கு முன்பே கதிரையில் இருத்திவிட்டாள். ஊன்றுகோலைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். வருகிற மனிதரின் காலில் தட்டுப்படக் கூடாதாம்.

உத்தியோகத்தர் நல்ல மனிதர். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எப்பிடி ஐயா, நடக்க ஏலுமோ?"

"ஓட்டப்போட்டிக்கு இன்னும் பேர் குடுக்கேல்லை, சேர்."

சிரித்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "குளிக்கிறது, வெளியால போறது எல்லாம் எப்பிடி?"

"அவரே பாப்பார், சேர்."

"உங்களுக்குக் கரைச்சல் இல்லையோ?"

"சீச்சீ. அவருக்கு ஒரு குறையுமில்லை."

மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடம் சொல்லும் பதில் அது. சீதனம்தான் பேசவில்லை. கட்டினவனைச் சுமை என்று வெளியாள் முன்னால் சொல்ல எங்கள் பெண்களுக்கு வாய் வராது. எனக்கும் அந்தப் பதில் இனித்தது. அவர் சோடாவைக் குடித்து முடித்துப் புறப்பட்டபோது, படலைவரை வந்து வழியனுப்பாததற்கு மன்னிக்கும்படி கேட்டுக்கொண்டேன். அதை அவர் பணிவு என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பிறகு பதில் வந்தது: விண்ணப்பதாரர் தனது கருமங்களைத் தானே ஆற்றக்கூடியவர். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு இப்படியொரு நற்சான்றிதழ் தந்ததில்லை.

மன்னார்த் தாராபுரத்தில் ஒரு தையல்காரர் இருந்தார். சின்ன வயதிலேயே இளம்பிள்ளைவாதத்தில் இரண்டு காலும் போய், கையால் சுற்றும் மிசினில் தைப்பவர். புத்தளத்தில் இடம்பெயர்ந்திருந்து திரும்பி வந்தவர். ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் பழக்கம். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல நானா என்று கூப்பிடுவேன். நான் கதையைச் சொல்ல, அவர் உட்கார்ந்திருந்த வாங்கிலிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார்.

"எங்கட வீட்டிலயும் இதுதான் நடந்தது. நாங்கள் வட்டிலப்பம் வேற குடுத்தனாங்கள். அப்பீல் போடுவம், நான் வந்து எழுதித் தாறன். ஆனா உன்ர மனுசி வாயைத் திறக்க வேணும், நீ வாயை மூட வேணும். எது கஷ்டம் சொல்லு?"

"ரெண்டாவது."

"அது மன்னாருக்கே தெரியும்."

சொன்னபடியே ஆட்டோ பிடித்து வந்தார். அப்பீலை எழுதிவிட்டு, உத்தியோகத்தர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவியைக் கேட்டார். "விடிய எழும்பினால் இவருக்கு என்ன செய்வீங்கள்?"

"தேத்தண்ணி வைப்பன்."

"பிறகு?"

"பிறகென்ன, குடிப்பார்."

"தங்கச்சி, தேத்தண்ணி எனக்கும்தான் வைச்சுத் தந்தீங்கள். நான் என்ன உங்கட புருசனோ?"

அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எத்தனை விதமாகக் கேட்டும் 'ஒண்டும் கஷ்டமில்லை நானா'தான். நானா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சரி, விடுங்கோ. குவைத்துக்குப் போறீங்கள். இவரின்ர அக்கா, உங்கட மச்சாள், வந்து நிக்கிறா. அவவுக்கு ஒண்டும் தெரியாது. என்னென்ன சொல்லிப்போட்டுப் போவீங்கள்?"

அதற்கு அவள் யோசிக்கவே இல்லை.

"எழும்பினவுடன நிப்பாட்டக் கூடாது. கட்டில் ஓரத்தில இருத்தி, கால் ஆட்டம் நிக்குமட்டும் பிடிச்சுக்கொண்டு இருக்க வேணும். கையில பிடிச்சுத் தூக்கினால் தோள்மூட்டு விலகும். பின்னால கட்டின சாரத்தோட சேர்த்து இடுப்பில பிடிக்க வேணும். சுடுதண்ணியை முதல்ல தன்ர கையில ஊத்திப் பாக்க வேணும். போன வருசம் கால் வெந்து தோல் உரிஞ்சது, இவர் பாட்டுப் பாடிக்கொண்டு இருந்தவர். படுத்தால் திருப்பிப் படுக்க வைக்க வேணும், இல்லாட்டிப் புண் வரும். கக்கூசுக்குக் கூப்பிட்டால் அடுப்பில என்ன இருந்தாலும் இறக்கிப்போட்டு ஓட வேணும்." மூச்சு விட்டுவிட்டுத் தொடர்ந்தாள். "ஒரு முக்கியமான விசயம். தூக்கேக்க இவர் பகிடி விடுவார். சிரிக்கக் கூடாது. சிரிச்சால் இன்னொண்டு விடுவார், ரெண்டு பேரும் விழுவினம்."

நான் சொல்லி முடித்த எத்தனையோ நல்ல பகிடிகளுக்கு அவள் ஏன் சிரித்ததில்லை என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. இவளுக்கு நகைச்சுவை உணர்வு குறைவு என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருந்தேன், திரிய முடிந்த அளவுக்கு.

"இதைத்தான் தங்கச்சி, வாற உத்தியோகத்தருக்கும் சொல்ல வேணும். அவரையும் மச்சாள் எண்டு நினையுங்கோ" என்றார் நானா.

அதே உத்தியோகத்தர்தான் மறுபடியும் வந்தார். முற்றம் கூட்டுவதை யாராலும் தடுக்க முடியவில்லை. ஆனால் கோயில் கதிரைகள் வரவில்லை, என்னையும் கட்டிலிலேயே விட்டிருந்தாள். அவர் கேட்டதும், நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அக்காவுக்குச் சொல்வதுபோலவே அத்தனையையும் சொன்னாள். தண்ணீரைக் கையில் ஊற்றுவதுவரை செய்து காட்டினாள். அவர் எழுதிக்கொண்டே போனார்.

"உண்மையோ ஐயா?" என்று என்னைக் கேட்டார்.

நல்லதொரு பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மனைவி என்னைப் பார்த்தாள். "ஓம், சேர்" என்றேன்.

உதவிப்பணம் கிடைத்தது. பெரிய தொகையல்ல. ஒரு நாள் ஏஜென்சிக்காரர் பயணத்துக்கு நாள் சொல்ல வந்தார். அவள் பாஸ்போட்டைத் திருப்பிக் கேட்டாள்.

"உங்களுக்கு விசரோ அக்கா? இந்தக் காசை நம்பி நிக்கப் போறீங்களோ? அங்க போனால் இது எத்தினை மடங்கு!"

"அதில்லைத் தம்பி. மச்சாளுக்கு முதுகு வலி. அவ இவரைப் பிடிச்சுத் தூக்க மாட்டா."

பாப்பாமோட்டையில் நெல் மூட்டை தூக்கி வண்டியில் ஏற்றுகிற என் அக்காவுக்கு முதுகு வலி என்பதை நான் அப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஏஜென்சிக்காரர் என்னைப் பார்த்தார். பாவம் அக்கா, வெகு காலமாகவே கஷ்டப்படுகிறா என்று சொன்னேன்.