இத்தாவில் கேட்ட பாட்டு

என் கணவர் கத்தாரில் தூக்கத்திலேயே இறந்துபோனார். அறையில் கூட இருந்தவர்கள் அதிகாலை ஃபஜ்ர் தொழுகைக்கு எழுப்பியபோது அவர் எழுந்திருக்கவில்லை. அங்கேயே அடக்கம் செய்வது என்று முடிவானது. பெரியபட்டினத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதைக் கைபேசியில் பார்த்தோம். மணலைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். படம் பிடித்தவரின் கை ஆடியதால் எல்லாமே ஆடியது. கூடத்திலிருந்த பெண்கள் எல்லோரும் அழுதார்கள். திரையின் மூலையில் சார்ஜ் தீரப்போவதாகச் சிவப்பாகக் காட்டியது. நான் எழுந்துபோய்ச் சார்ஜரைத் தேடினேன்.

அதன்பிறகும் அழுகை வரவில்லை. இத்தா தொடங்கியது, கணவனை இழந்தவள் வெளியே போகாமல் வீட்டோடு இருக்கவேண்டிய மாதங்கள். நான் பிளஸ் டூவுக்கு ஆங்கிலம் எடுப்பவள். பள்ளிக்கு நீண்ட விடுப்பு சொல்லியிருந்தேன். சோறு வைத்தார்கள், தின்றேன். படுக்கச் சொன்னார்கள், படுத்தேன். பக்கத்து வீட்டிலிருந்த என் கணவரின் அக்காதான் பெரும்பாலும் கூடவே இருந்தார். மைனி என்று கூப்பிடுவேன்.

"அழுதுரு புள்ள. உள்ளயே வச்சிருந்தா நெஞ்சை அடைச்சிரும்" என்பார்.

"வரலயே மைனி."

நானும் முயன்று பார்த்தேன். இயர்போனை மாட்டிக்கொண்டு சோகமான சினிமாப் பாட்டுகளாகத் தேடிக் கேட்டேன். எங்கே வயலின் ஏறும், எங்கே பாடகரின் குரல் உடையும் என்று முன்பே தெரிந்திருந்தது. இந்த இடத்தில் அழு என்று ஒவ்வொன்றும் என்னைப் பிடித்து உலுக்கியது. அலுப்பாக இருந்தது. நிறுத்திவிட்டேன்.

என் வகுப்பை எடுத்துக்கொண்டிருந்த ஆசிரியை ஒருநாள் தயங்கித் தயங்கி போனில் கேட்டார்: ஒரு செய்யுளுக்கு மட்டும் குறிப்பு அனுப்ப முடியுமா? கடல் தாண்டிப் போன ஒருவன் திரும்பாததைப் பற்றிய பழைய ஆங்கிலக் கவிதை அது. பல வருடங்களாக நடத்தியிருக்கிறேன். அதில் எந்த வரியில் உவமை, எந்தச் சொல்லுக்கு எது இயைபு, எது ஐந்து மதிப்பெண் கேள்வி என்றெல்லாம் மனப்பாடம். குறிப்புக்காக யூடியூபில் தேடியபோது அந்தக் கவிதையை யாரோ பாட்டாகவே பாடியிருந்தார்கள். கீழே செல்டிக் இசை என்று போட்டிருந்தது. அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்து நாட்டுப்பாட்டு பாணி. ஒரு பெண் ஹார்ப் மீட்டிக்கொண்டு பாடினாள். பின்னால் ஒரு பிடிலும் ஒரு குழலும்.

அவள் எந்த வரிக்கும் குரலை உயர்த்தவில்லை. கப்பல் கிளம்பும் வரியும் அவன் இறந்த வரியும் ஒரே மெட்டில்தான் வந்தன. ஒரு சுற்று முடிந்ததும் மெட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. என்னிடம் அது எதையும் கேட்கவில்லை. நான் பலமுறை கரும்பலகையில் எழுதிப்போட்ட சொற்கள்தான். ஆனால் அவை என்னை விட்டுத் தள்ளி, தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போயின. அதை மட்டும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்க முடிந்தது.

ஒரு பகலில் இயர்போன் பழுதாகி, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மைனி நெத்திலி ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"என்ன புள்ள பாடுறா அவ?"

"புருஷன் கடலுக்கு அங்கிட்டுப் போயிருக்கான். மவுத்தாயிட்டான். இவ இங்கன இருக்கா."

"அதையா இப்புடிப் பாடுறா? தாலாட்டு மாதிரில இருக்கு."

அவர் கை நின்றுவிட்டது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மொழி தெரியாத அவர் அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் எடுத்து வரப் போனேன்.

அந்த நேரத்தில்தான் துக்கம் கேட்க இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"மவுத்தான வீட்ல பாட்டா?" என்றார் மூத்தவர், வாசற்படியிலேயே நின்று.

மைனி நிமிர்ந்து பார்த்தார். "பாட்டா? அது இவளோட இங்கிலீஷ் பாடம். பள்ளிக்கூடத்துல கேட்ருக்காக. வந்து உக்காருங்க."

அவர்கள் உட்கார்ந்தார்கள். பாடம் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். போகும்போது மூத்தவர், "நல்ல பாடமாத்தான் இருக்கு" என்றார். மைனிக்குச் சிரிப்பு வந்து முந்தானையைக் கடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை. ஆனாலும் அவர் சிரிப்பது நன்றாக இருந்தது.

இத்தா முடிந்து பள்ளிக்குத் திரும்பினேன். திருப்புதலில் அதே செய்யுளை நடத்தவேண்டி வந்தபோது வகுப்பில் அந்தப் பாட்டைப் போட்டேன். பிள்ளைகள் மரியாதைக்காக அமைதியாக இருந்தார்கள். முடிந்ததும் ஒரு மாணவி, "டீச்சர், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டாள். வரும் என்றேன். வழக்கம்போலப் பொருளுரை எழுதச் சொன்னேன். என் குரல் சரியாகத்தான் இருந்தது.

அழுகை இன்னும் வரவில்லை. மருத்துவரிடம் போகச் சொன்னார்கள். ராமநாதபுரம் போய் வந்தேன். தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். தூங்குகிறேன்.

மாலையில் நான் வந்ததும் மைனி இருவருக்கும் தேநீர் போட்டுக்கொண்டு வருவார். அந்தப் பெண் பாடிய வேறு பழைய கவிதைகளையும் தேடி வைத்திருக்கிறேன். புதிதாக ஒன்றைப் போடுமுன் கேட்டுக்கொள்வார்.

"இதுல யாரு மவுத்தாகுறா?"

"யாரும் இல்ல மைனி. ஒரு பொண்ணு ஆடு மேய்க்கிறா."

"அப்ப வை" என்று சொல்லி, சுவரில் சாய்ந்து கால்களை நீட்டிக்கொள்வார்.