வராத மாதத்துக்கும் விலகி இருந்தவள்

என் அண்ணன் பெண்டாட்டி முத்துவடிவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் தீட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும். முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

குற்றாலத்தில் எங்களுடையது கோயிலுக்குப் பூத்தொடுத்துக் கொடுக்கும் வீடு. காலையில் அரளியும் பிச்சியும் கூடை கூடையாக வந்து இறங்கும். வீட்டுப் பெண்கள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்து தொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் யாருக்கு எப்போது விலக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். விலக்கானவள் பின்வாசல் மாட்டுக் கொட்டகையில் மூன்று நாள் இருக்க வேண்டும், நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வரலாம். துணி வெளுக்கிற பேராச்சி மாற்றுத்துணி கொண்டுவந்து கொடுப்பாள். தீட்டுத்துணியையும் அவளே எடுத்துப் போவாள். அந்த மூட்டையை எங்கள் வீட்டில் யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டோம்.

முத்துவடிவு மதினி திருவேங்கடத்துக் கரிசல்காட்டுப் பெண். ஐம்பத்தைந்தாம் வருஷம் தை மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது, எனக்குப் பதினாறு. வாய்விட்டுச் சிரிப்பாள். வேலையில் பம்பரம். ஆனால் அவள் உடம்புக்கு மாதக் கணக்கு என்பதே கிடையாது. இரண்டு மாதம், மூன்று மாதம் ஒன்றும் இருக்காது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வந்து பத்து நாள் நிற்காது. பல பெண்களுக்கு இப்படி உண்டு, இது ஒரு குற்றமில்லை என்று அவளுக்கு முதன்முதலில் சொன்னது தென்காசியில் ஒரு லேடி டாக்டர். அது அறுபத்திரண்டில். அதுவரை அதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை பாருங்கள்!

வந்த வருஷம் மார்கழியில், பூத்தொடுத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வந்துவிட்டது. அத்தனை பூவையும் ஆற்றில் கொண்டுபோய்க் கொட்டினோம். என் அம்மா பிச்சம்மாள் பேசிய பேச்சு இருக்கிறதே! "தன் நாளு தனக்குத் தெரியாத பொம்பளையும் உண்டாட்டி ஊருல?" என்று வாரம் முழுக்கக் குத்திக்கொண்டே இருந்தாள்.

அதைவிடக் கொடுமை அடுத்தது. இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் வராமல் போனதும் அம்மா "மருமக முழுகாம இருக்கா" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். திருவேங்கடத்திலிருந்து மதினியின் அப்பா பலகாரத் தூக்கோடு வந்து போனார். அவர் போன மூன்றாம் நாள் வந்துவிட்டது. நாலைந்து மாதம் கழித்து மறுபடியும் இதே கதை. இரண்டாவது தடவை தெரு சிரித்தது. "என்ன ஆச்சி, இந்தத் தடவையாவது நெசந்தானா?" என்று யாரோ கேட்டார்களாம். அம்மா பத்து நாள் மதினியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மலைவேம்புச் சாறு, கழற்சிக்காய்ப் பொடி என்று தினமும் ஊற்றினாள். மதினி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

பிறகு எல்லாம் ஒழுங்காகிவிட்டது. மாதம் பிறந்து இருபது தேதி ஆனால் மதினி கொட்டகைக்குப் போய்விடுவாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, மலைவேம்பைப் பற்றி ஊருக்கெல்லாம் வைத்தியம் சொன்னாள். மூன்று நாளும் சோறு கொண்டுபோய் வைத்தது நான்தான். அவள் செய்தது எனக்கும் அப்போது தெரியாது. வந்த மாதமும் விலகி உட்கார்ந்தாள், வராத மாதமும் விலகி உட்கார்ந்தாள். யாரும் ஆசைப்பட்டு ஏமாந்து மறுபடி அவள்மேல் விழக் கூடாது. அவ்வளவுதான் அவள் வேண்டியது.

ஐம்பத்தேழு ஆனிக் கடைசியில் அண்ணன் குற்றாலிங்கம் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடை வேலைக்குக் கப்பல் ஏறினான். ஆடியில் மதினி உட்கார்ந்தாள். ஆவணியிலும் உட்கார்ந்தாள். புரட்டாசியில் உலை கொதிக்கும் வாடை பட்டதும் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளைதான் என்றாள்.

அம்மா முகம் ஒரு நொடி மலர்ந்தது. அப்புறம் விரலை மடக்க ஆரம்பித்தாள்.

"ஆவணியில தலைக்குக் குளிச்சிருக்கா. எம்பிள்ள ஆனியிலயே போயிட்டானே! இது யாரு பிள்ளட்டி?"

வாசலில் நின்று கத்தினாள். தெரு கேட்கட்டும் என்றே கத்தினாள். மதினி உண்மையைச் சொன்னாள். சும்மாதான் உட்கார்ந்தேன் அத்தை, சித்திரைக்கு அப்புறம் எனக்கு வரவே இல்லை என்றாள். யார் நம்புவார்கள்? பொய்யாய் எவளாவது மாட்டுக் கொட்டகையில் போய்ப் படுப்பாளா என்றாள் அம்மா. திருவேங்கடம் போகிற பஸ் கண்டக்டரிடம் சொல்லி, மறுநாளே வந்து மகளைக் கூட்டிப்போகும்படி அவள் அப்பாவுக்குத் தகவல் அனுப்பினாள். அந்தப் பெயரோடு போனால் மதினி திரும்ப முடியாது. கொழும்புக்கு ஒரு கடிதாசி போட்டால், அதோடு எல்லாம் முடிந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் அன்றைக்கு அவளை நம்பவில்லை. தை மாதம் எனக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள், அது கெட்டுப்போகுமே என்றுதான் முதலில் தோன்றியது. சீ, நானும் ஒரு பெண்ணா!

அன்று சாயங்காலம், அம்மா அவளைத் தள்ளியிருந்த கொட்டகையில் சோற்றைக் கொண்டுபோய் வைத்தபோது மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "குழலு, பேராச்சிக்குத் தெரியும். துணியப் பாத்திருப்பா" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேரே சிற்றாற்றங்கரைக்குப் போனேன். பேராச்சி துணி அலசிக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு நிமிரக்கூட இல்லை.

"வீட்டுத் துணியப் பத்தி நான் வெளிய பேசுறதில்ல தாயி. பேச ஆரம்பிச்சா இந்தத் தெருவுல ஒரு வீட்டுலயும் பொண்ணு குடுக்கவும் மாட்டாங்க, எடுக்கவும் மாட்டாங்க."

"அப்ப எங்க மதினி செத்தாலும் பேச மாட்டியா?" என்று கத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் மதினியின் அப்பா வந்து, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றார். உட்காருங்கள் என்றுகூட யாரும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் பேராச்சி பின்வாசலில் வந்து நின்று அம்மாவைக் கூப்பிட்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

"ஆச்சி, இந்தப் பிள்ள ஆடியிலயும் ஆவணியிலயும் போட்ட துணியில ஒரு பொட்டு கறை கெடையாது. வெறுந்துணி. அதுக்கு முந்தியும் எத்தனையோ மாசம் அப்படித்தான் போட்டுச்சு."

"இதையெல்லாம் இத்தன நாளு ஏன் சொல்லல? இன்னைக்கு அவ சொல்லிக்குடுத்து வந்து நிக்கியா?"

பேராச்சி குரலை உயர்த்தவில்லை. "நீங்களும் நானும் ஒரே வருசந்தான் ஆச்சி இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தோம். உங்களுக்கு மூணு வருசம் பிள்ள தங்கல. உங்க மாமியாரு வாய்க்குப் பயந்து, நாளு தள்ளிப்போனாலும் நீங்க எத்தன மாசம் வெறுந்துணி போட்டீங்கன்னு எனக்குத் தெரியும். இன்னைக்கு வரைக்கும் யாருட்டயாவது சொல்லிருக்கேனா?"

அம்மா முற்றத்துப் பக்கம் திரும்பி, சம்பந்தி காதில் விழுந்ததா என்று பார்த்தாள். எனக்கு அவள்மேல் இரக்கமே வரவில்லை. தெரியாதவள் செய்தால் போகட்டும், தெரிந்தவளே செய்தாளே என்று கோபம்தான் வந்தது.

பிறகு அம்மா கொட்டகைக்குப் போய், "உள்ள வாட்டி" என்றாள்.

மதினி எழுந்தாள். ஆனால் உள்ளே போகவில்லை. வார்த்தை தெளிவாக வந்தது.

"நான் அப்பா கூடப் போயி பிள்ளையப் பெத்துட்டு வாரேன் அத்தை. நேத்து தெரு கேக்க ஒரு சொல்லு சொன்னீங்கள்லா? அதே தெருவுல என் கையப் பிடிச்சி பஸ் வரைக்கும் கூட்டிட்டுப் போங்க."

அம்மா யாருக்கும் பணிந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மதினியின் கையைப் பிடித்தாள். முன்னால் அந்த அப்பா, பின்னால் பையோடு நான். ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"என்ன ஆச்சி, மருமகள ஊருக்கு அனுப்புதியளா?"

"ஆமா. முழுகாம இருக்கா. இது நாலாவது மாசம். நான்தான் நாளைத் தப்பா எண்ணிட்டேன்."

பதினொரு வீடு. ஒரு வீட்டையும் விடாமல் நின்று, பதினொரு தடவையும் அம்மா அதைச் சொன்னாள். நடுவில் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். மதினி விடவில்லை.